யுத்தம் என்று எழுதாத யுத்தம்

வெட்டுக்காட்டில் வழுக்கி விழுந்து முழங்கால் உடைந்த ஒரு தொழிலாளி லயத்தில் கிடக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். செக்ரோலில் அவன் பெயருக்கு நேரே 'விபத்து' என்று கிராணி எழுதினால் நஷ்ட ஈட்டுச் சட்டம் வாய் திறக்கும். 'சுகவீனம்' என்று எழுதினால் சில நாள் விடுப்போடு காரியம் முடியும். 'வரவில்லை' என்று எழுதிவிட்டால் அந்த விடுப்பும் கிடையாது. உடைந்த கால் ஒன்றுதான். எழுதிய சொல்லைப் பொறுத்து அவன் குடும்பம் சாப்பிடுவதும் பட்டினி கிடப்பதும் மாறுகிறது. ஆபீஸ் மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிற்கிற நம் தோழர்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி இது.

இந்த அனுபவத்தை மனத்தில் வைத்துக்கொண்டு, 1948 ஜூன் மாதம் தொடங்கி 1960 ஜூலை 31-ந் தேதி வரை இந்த நாட்டில் நடந்ததற்கு எழுதப்பட்ட சொல்லை எடுத்துப் பாருங்கள். பன்னிரண்டு ஆண்டுகள். ஆகாய விமானங்கள் காட்டில் குண்டு போட்டன. பிரிட்டிஷ், கூர்க்கா, ஆஸ்திரேலிய, நியூசிலாந்து, பிஜித் துருப்புகள் வந்து போயின. சர்க்கார் கணக்கிலேயே கெரில்லாக்களில் ஏறத்தாழ 6,700 பேரும், போலீஸ் பட்டாளத்தில் 1,800-க்கு மேற்பட்டவர்களும், ஆயுதம் தொடாத பொதுமக்களில் 2,400-க்கு மேற்பட்டவர்களும் மாண்டார்கள். இதற்கு எழுதிய சொல் 'அவசரகாலம்'. காட்டுக்குள் போனவர்களோ, தாங்கள் நடத்துவது பிரிட்டிஷ்காரனை எதிர்த்து நடக்கும் தேசிய விடுதலை யுத்தம் என்றார்கள். ஒரே காரியத்துக்கு ஒரு பக்கம் ஒரு பெயர், மறு பக்கம் இன்னொரு பெயர்.

நம் கிளைக் கூட்டங்களிலும் இந்த விவகாரம் தலைகாட்டாமல் இல்லை. அந்தச் சண்டை நியாயமானதா, சட்டத்துக்கு உட்பட்டதா என்று இளைய தோழர்கள் கேட்கிறார்கள். பள்ளிக்கூடப் புத்தகத்தில் படித்ததும், பாட்டனார் திண்ணையில் சொன்னதும் ஒத்துப் போகவில்லை என்கிறார்கள். ஒத்துப் போகாதுதான். இந்தக் கேள்விக்கு 'வாயை மூடு' என்பது பதிலாகாது. பிரச்சாரமும் பதிலாகாது. நம் கருத்தை ஒளிவு மறைவு இல்லாமல் சொல்கிறோம்.

முதலில் நியாயத்தைப் பேசுவோம்.

காலனி ஆட்சியை எதிர்க்க மலாயா மக்களுக்கு உரிமை இருந்ததா? இருந்தது. இதில் நமக்குச் சந்தேகமே இல்லை. 1941-ல் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டத் தொழிலாளர் கூலி உயர்வும், வெள்ளைத்துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்பது போன்ற அவமானங்களுக்கு முடிவும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது, அவர்கள் கையில் இருந்தது கோரிக்கை மட்டுந்தான். அதற்கும் துப்பாக்கிதான் பதில் சொல்லிற்று. ஐந்து தொழிலாளர் பிணமானார்கள். தலைமை தாங்கிய ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். ஜப்பான்காரன் வந்தான், சயாம் மரண ரயில் பாதைக்கு நம் ஜனங்களை ஆயிரம் ஆயிரமாக வாரிக்கொண்டு போனான். யுத்தம் முடிந்து பிரிட்டிஷ்காரன் திரும்பி வந்தபோது, இனிமேலாவது மனிதனாக நடத்துவான் என்று எதிர்பார்த்தவர்கள் அதே துரையையும் அதே கூலியையும், அரிசித் தட்டுப்பாட்டையும்தான் கண்டார்கள். சங்கங்கள் புற்றீசல் போல் கிளம்பியதற்குக் காரணம் அதுதான்.

இந்த இடத்தில் ஒரு தேதியைத் தோழர்கள் கவனிக்க வேண்டும். 1948 ஜூன் 16-ந் தேதி பேராக் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் வெள்ளைக்காரத் தோட்ட அதிகாரிகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைக் காட்டித்தான் அவசரகாலம் பிரகடனமாயிற்று என்று புத்தகங்கள் எழுதுகின்றன. ஆனால் தொழிற்சங்கச் சட்டம் அதற்கு முன்பே திருத்தப்பட்டுவிட்டது. வெவ்வேறு தொழில்களைச் சேர்ந்த சங்கங்கள் ஒரே சம்மேளனத்தில் சேரக்கூடாது, இத்தனை ஆண்டு அந்தத் தொழிலில் இருந்தவன்தான் சங்கப் பதவிக்கு வரலாம் என்றெல்லாம் விதி வந்தது. அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனத்தின் கதவு சுங்கை சிப்புட் கொலைகளுக்குச் சில நாட்களுக்கு முன்பே சட்டப்படி அடைக்கப்பட்டுவிட்டது. துப்பாக்கி வெடித்ததனால்தான் சங்கத்தை மூடினார்கள் என்று சொல்கிறவர் யாராயிருந்தாலும் அவர் காலண்டரைப் புரட்டிப் பார்க்கட்டும்.

சம்மேளனத்தில் கம்யூனிஸ்டுகளின் கை ஓங்கியிருந்தது உண்மை. அதை மறைத்துப் பேசுவது நமக்கு அழகல்ல. ஆனால் அதில் சந்தாக் கட்டிய லட்சக்கணக்கான ஏழைகள் மார்க்ஸைப் படித்துவிட்டா சேர்ந்தார்கள்? அரிசிக்கும் கூலிக்கும் பேச ஓர் ஆள் கிடைத்தான் என்று சேர்ந்தார்கள். சட்டத்துக்கு உட்பட்டுக் கூலி கேட்கிற வழியை அடைத்த சர்க்கார், சட்டத்தை மீறினார்கள் என்று பிறகு குற்றம் சாட்டியதில் பாதி நியாயம்தான் உண்டு.

மறு பாதியையும் சொல்லவேண்டும். காட்டுக்குள் போனவர்கள் விடுதலை என்று சொல்லிக்கொண்டே செய்த காரியங்களில் பல, தொழிலாளியின் கழுத்தில்தான் விழுந்தன. பால்மரங்களைக் கண்டபடி வெட்டிச் சிதைத்தார்கள். நட்டம் துரைக்கு மட்டுமா? வெட்டுப் போன மரத்தில் யார் பால் எடுப்பது, யாருக்கு அரைச் சம்பளம்? புகைவீடுகளுக்கும் பஸ்களுக்கும் தீ வைத்தார்கள். கண்டக்டரையும் தண்டலையும், காட்டிக் கொடுத்தான் என்று சந்தேகப்பட்ட சாதாரணத் தொழிலாளியையும், விசாரணை என்று ஒன்று இல்லாமல் கொன்றார்கள். சந்தேகத்தின் பேரில் மனிதனைக் கொல்வது துரைத்தனம் செய்தாலும் கொலை, புரட்சிக்காரன் செய்தாலும் கொலை. 1957 ஆகஸ்டு 31-ல் நாடு சுதந்திரம் பெற்ற பிறகு, யாரை எதிர்த்து விடுதலை யுத்தம் என்ற கேள்விக்கும் அவர்களிடம் சரியான பதில் இல்லை. 1955 டிசம்பர் கடைசியில் பாலிங்கில் துங்கு அப்துல் ரஹ்மானும் டேவிட் மார்ஷலும் டான் செங் லோக்கும் சின் பெங்கோடு உட்கார்ந்து பேசினார்கள். கட்சியைச் சட்டபூர்வமாக அங்கீகரிப்பதா, ஆயுதத்தைப் போட்டுச் சரணடைவதா என்ற இடத்தில் பேச்சு முறிந்தது. முறிந்த பேச்சை ஒட்டவைக்க 1989 டிசம்பர் 2-ந் தேதி ஹட்யாய் ஒப்பந்தம் வரவேண்டியிருந்தது. இடையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் ஓடிவிட்டன.

ஆகவே காலனி ஆட்சியை எதிர்த்தது நியாயம், எதிர்த்த முறையில் அநியாயம் கலந்திருந்தது என்பதே நம் கருத்து. இதை ஏற்காத தோழர்கள் இரண்டு பக்கமும் உண்டு. இருக்கட்டும். நியாயத்தைப் பற்றிய தர்க்கம் இன்னும் நூறு ஆண்டுக்கும் ஓயாது. நாம் அழுத்திச் சொல்ல விரும்புவது அடுத்ததை: சட்டத்தை.

யுத்தம் என்று ஒப்புக்கொண்டால் யுத்தத்துக்கு என்று சில தர்மங்கள் உண்டு. பசுக்களும் பெண்களும் பிணியாளரும் பத்திரமான இடத்துக்குப் போய்விடுங்கள், அம்பு விடப்போகிறோம் என்று அறிவித்துவிட்டுப் போர் தொடங்குவதை அறமாகப் போற்றிய பாட்டு புறநானூற்றில் இருக்கிறது. பாட்டில் இருந்த அறம் களத்தில் எவ்வளவு நின்றது என்பதைப் புலவர்கள்தான் சொல்லவேண்டும்! ஆனாலும், போருக்கு ஒரு வாசல் உண்டு, அறிவித்துவிட்டு நுழையவேண்டும், ஆயுதம் எடுக்காதவன் மேல் கை வைக்கக்கூடாது என்ற எண்ணம் நமக்கு அந்நியமானதல்ல. நம் காலத்தில் அந்த எண்ணமே சர்வதேசச் சட்டமாயிற்று. 1949 ஆகஸ்டில் ஜெனீவாவில் கையெழுத்தான உடன்படிக்கைகளில், ஒரு நாட்டுக்குள்ளேயே நடக்கும் ஆயுதச் சண்டைக்கும் ஒரு விதி சேர்த்தார்கள். சண்டையில் சேராதவனையும், ஆயுதத்தைக் கீழே போட்டவனையும் கொல்லக்கூடாது, வதைக்கக்கூடாது, முறையான நீதிமன்றம் இல்லாமல் தண்டனை நிறைவேற்றக்கூடாது என்பது அது. பிரிட்டன் அந்த உடன்படிக்கைகளை உறுதி செய்தது 1957-ல்தான். மலாயாச் சண்டையின் கொடிய ஆண்டுகள் எல்லாம் அதற்குள் கழிந்துவிட்டன.

யுத்தம் அல்ல, அமைதிக்காலம்தான் என்று வைத்துக்கொண்டால் அதற்கும் சட்டம் உண்டு. ஒருவனைப் பிடித்தால் காரணம் சொல்லவேண்டும். கோர்ட்டில் நிறுத்தவேண்டும். ஒருவன் செய்ததற்கு ஊரைத் தண்டிக்கக்கூடாது.

'அவசரகாலம்' என்ற சொல்லின் சாமர்த்தியம் இங்கேதான் இருக்கிறது. அது யுத்தமும் அல்ல, அமைதியும் அல்ல. ஆகவே யுத்தச் சட்டமும் கட்டுப்படுத்தாது, அமைதிக்காலச் சட்டமும் கட்டுப்படுத்தாது. எதிரியைச் சுடுவதற்கு அவன் படைவீரன். பிடிபட்டால் அவன் போர்க்கைதி அல்ல, கொள்ளைக்காரன். 1952 வரையில் சர்க்கார் காகிதங்களில் அவர்களுக்குப் பெயரே கொள்ளைக்காரர் என்பதுதான். பிறகு பயங்கரவாதி என்று மாற்றினார்கள். தோட்ட முதலாளிகளுக்கும் சுரங்க முதலாளிகளுக்கும் இந்தச் சொல் இன்னொரு வகையில் உதவிற்று என்று நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. யுத்தம் என்று அறிவித்தால் லண்டன் இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் எரிந்த கொட்டகைக்கும் வெட்டுண்ட மரத்துக்கும் பணம் தராது, அதனால்தான் அந்தச் சொல்லைத் தவிர்த்தார்கள் என்பது பேச்சு. அது ஒன்றே காரணம் என்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் ஸ்டெர்லிங் வட்டாரத்துக்கு அமெரிக்க டாலரைச் சம்பாதித்துக் கொடுத்த சரக்குகளில் மலாயா ரப்பரும் ஈயமும் முன் வரிசையில் நின்றன என்பது பேச்சல்ல, கணக்கு. நம் உளியில் வடிந்த பாலுக்காக நடந்த சண்டை அது என்பதை மறந்துவிட்டு அதன் சட்டத்தைப் பேசமுடியாது.

சொல் எப்படி வேலை செய்தது என்பதற்கு ஒரு சாட்சி போதும். 1952-ல் லண்டன் 'டெய்லி ஒர்க்கர்' பத்திரிகை ஒரு படம் போட்டது. பிரிட்டிஷ் கடற்படைச் சிப்பாய் ஒருவன் வெட்டப்பட்ட தலைகளைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறான். பொய்ப்படம் என்று முதலில் பேச்சுக் கிளம்பிற்று. காலனி மந்திரி ஆலிவர் லிட்டில்டன் பார்லிமெண்டில் எழுந்து, படம் உண்மைதான் என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. இறந்தவனை அடையாளம் காணத் தலையைக் கொண்டு வருகிறார்களாம்! அது வெளியே சொன்ன சமாதானம். காலனி அலுவலகத்தின் உள் காகிதத்தில் எழுதிக்கொண்டது வேறு: யுத்த காலத்தில் இதே காரியம் நடந்தால் சர்வதேசச் சட்டப்படி அது யுத்தக் குற்றம் என்பதில் ஐயமில்லை என்று அவர்களே குறித்து வைத்தார்கள். யுத்தம் என்று எழுதினால் குற்றம். அவசரகாலம் என்று எழுதினால் அடையாளம் காணும் முறை. எழுதியவர்களுக்கு வித்தியாசம் நன்றாகத் தெரிந்தே இருந்தது.

அந்தச் சொல்லின் கீழ் வந்த விதிகளின் பாரம் யார் தலையில் இறங்கிற்று என்பதை வயதான தோழர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். உரிமமில்லாமல் ஆயுதம் வைத்திருந்தால் தூக்கு. வழக்கில்லாமல் ஆண்டுக்கணக்கில் காவல். 1949 முதல் ஒரு கிராமத்தையே கூண்டோடு பிடிக்கவும் விதி வந்தது. தூக்கிலே மாண்டவர்கள் இருநூறுக்கு மேல். காவலில் கிடந்தவர்களும் கப்பலேற்றி அனுப்பப்பட்டவர்களும் பல்லாயிரம். பெரும்பாலோர் சீனர்கள் என்றாலும் நம்மவரும் அதில் உண்டு. பிரிக்ஸ் திட்டத்தின்படி ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர், காட்டோரத்துக் குடிசைகளை விட்டுக் கம்பிவேலி போட்ட புதுக்கிராமங்களுக்கு மாற்றப்பட்டார்கள். தோட்டத்து லயங்களும் ஒதுங்கிய டிவிஷன்களில் இருந்து பெயர்த்து வேலிக்குள் சேர்க்கப்பட்டன. விடியற்காலை பிரட்டுக்கு முன் வாசலில் சோதனை. வெட்டுக்காட்டுக்குப் பொட்டலச் சோறு கொண்டுபோக அனுமதியில்லை. பசியோடு மரம் வெட்டி, பால் எடுத்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்துதான் சாப்பாடு. அப்புறம் 1952 மார்ச்சில் தஞ்சோங் மாலிம் அருகே பதுங்கித் தாக்கியதில் பன்னிரண்டு பேர் இறந்தபோது, ஜெனரல் டெம்ப்ளர் அந்த ஊருக்கே தண்டனை போட்டார். நாளில் இருபத்திரண்டு மணி நேரம் ஊரடங்கு, அரிசிப் பங்கு குறைப்பு. தாக்கினவன் காட்டில் இருந்தான். பட்டினி கிடந்தவன் ஊரில் இருந்தான்.

தொழிற்சங்கத்தாருக்கு மறக்க முடியாத பெயர் எஸ். ஏ. கணபதி. சம்மேளனத்தின் தலைவராக இருந்தவர். துப்பாக்கியும் ரவைகளும் வைத்திருந்தார் என்று பிடிக்கப்பட்டு, இந்திய சர்க்கார் தண்டனையைக் குறைக்கும்படி கேட்டுக்கொண்டும் பயனில்லாமல், 1949 மே 4-ந் தேதி புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அதே வாரத்தில் இன்னொரு சங்கத் தலைவரான வீரசேனன் பட்டாளத்தின் குண்டுக்கு இரையானார். கணபதியின் அரசியலை ஒப்புக்கொள்ளாத தோழர்கள் நம்மிலேயே பலர். ஆனால் ஆயுதத்தை வைத்திருந்தான் என்பதற்கே உயிரை எடுக்கும் விதி, அமைதிக்காலச் சட்டத்தில் இல்லாதது. யுத்தகாலச் சட்டத்திலும் பிடிபட்ட வீரனுக்கு இல்லாதது. இரண்டுக்கும் நடுவில் கட்டிய மூன்றாவது கொட்டகையில்தான் அந்தத் தூக்குமரம் நின்றது.

இனி பத்தாங் காலி.

1948 டிசம்பர் 10-ந் தேதி பாரிசில் உலக நாடுகள் கூடி, மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்றன. பிரிட்டனும் கை தூக்கியது. மறுநாள் மாலை சிலாங்கூர் பத்தாங் காலிக்குப் பக்கத்தில், சுங்கை ரெமோக் ரப்பர் தோட்டத்துக் குடியிருப்புக்குள் ஸ்காட்ஸ் கார்ட்ஸ் பட்டாளத்தின் ஒரு பிரிவு நுழைந்தது. அங்கே இருந்தவர்கள் பால் வெட்டிப் பிழைத்த சீனக் குடும்பங்கள். நம்மைப் போல உளி பிடித்த கைகள். அன்று மாலையே ஓர் இளைஞனைச் சுட்டார்கள். ஆண்களைத் தனியாகவும் பெண்களையும் பிள்ளைகளையும் தனியாகவும் பிரித்து இரவெல்லாம் அடைத்து வைத்தார்கள். டிசம்பர் 12-ந் தேதி காலை பெண்களையும் பிள்ளைகளையும் லாரியில் ஏற்றிவிட்டு, ஆண்களைக் கும்பல் கும்பலாக நடத்திக்கொண்டு போய்ச் சுட்டார்கள். மொத்தம் 24 பேர். மயங்கி விழுந்த ஒருவர் மட்டும் உயிர் பிழைத்தார். குடிசைகள் கொளுத்தப்பட்டன. தப்பி ஓடும்போது சுட்டோம் என்றது சர்க்கார் அறிக்கை. இருபத்து நான்கு பேரும் ஓடினார்களாம், குண்டு பட்டவர்களில் காயத்தோடு பிழைத்தவன் ஒருவன்கூட இல்லையாம்!

அடுத்து நடந்ததைத் தோழர்கள் ஊன்றிப் படிக்கவேண்டும். 1949 ஜனவரியில் அவசரகால விதிகளில் புதிதாக 27ஏ என்று ஒன்று சேர்க்கப்பட்டது. தப்பி ஓடுகிறவனைத் தடுக்கச் சுட்டுக் கொல்லலாம் என்பது விதி. அத்தோடு, அந்த விதி வருவதற்கு முன்னால் நடந்த அப்படிப்பட்ட காரியங்களுக்கும் அது செல்லும் என்று சேர்த்துவிட்டார்கள். டிசம்பரில் செய்ததற்கு ஜனவரியில் சட்டம்! சட்டபூர்வமா என்று கேட்கும் இளைய தோழர்களுக்கு நாம் காட்ட விரும்பும் ஏடு இதுதான். சட்டம் எழுதுகிற பேனா ஒரு பக்கத்தார் கையில் மட்டும் இருக்கும்போது, சட்டபூர்வம் என்ற சொல்லுக்கு எவ்வளவு மதிப்புக் கொடுக்கலாம் என்று அவர்களே எடை போடட்டும்.

1970-ல் அந்தப் படைப்பிரிவில் இருந்த சில சிப்பாய்களே, ஓடியதால் சுடவில்லை, கட்டளைப்படி சுட்டோம் என்று சத்தியப் பிரமாணத்தோடு சொன்னார்கள். விசாரணை தொடங்கிற்று. லண்டனில் ஆட்சி மாறியது, விசாரணை நின்றது. 1993-ல் மலேசியப் போலீஸ் விசாரித்தது. அதுவும் வழியிலேயே படுத்துக்கொண்டது. இறந்தவர்களின் குடும்பத்தார் விடவில்லை. தகப்பனைப் பறிகொடுத்த பிள்ளைகள் கிழவராகி, கிழவியாகி, லண்டன் கோர்ட்டுப் படி ஏறினார்கள். சுட்டது பிரிட்டிஷ் சிப்பாயாக இருந்தாலும் பொறுப்பு மலாயா அரசாங்கத்தைச் சேர்ந்தது என்று கூட அங்கே வாதாடிப் பார்த்தார்கள்! 2012-ல் உயர்நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. வேண்டுமென்றே சுட்டதற்குச் சான்று இருக்கிறது என்றும் கூறியது. ஆனால் பொது விசாரணை நடத்தும்படி சர்க்காரைக் கட்டாயப்படுத்த மறுத்துவிட்டது. 2015 நவம்பர் 25-ந் தேதி பிரிட்டன் உச்சநீதிமன்றமும் அப்படியே தீர்ப்பளித்தது. ஐந்து நீதிபதிகளில் லேடி ஹேல் ஒருவர் மட்டும் மாறுபட்டார். சம்பவம் நடந்து காலம் கடந்துவிட்டது என்பதே முக்கியமான முட்டுக்கட்டை. 2018-ல் ஸ்ட்ராஸ்பர்க் மனித உரிமை நீதிமன்றமும் வழக்கை எடுத்துக்கொள்ளவில்லை.

காலம் கடந்ததாம். கடத்தியது யார்? 1948-ல் மூடினவர்கள், 1970-ல் மறுபடி மூடினவர்கள், அதன் பிறகு தாமதத்தையே காரணமாகக் காட்டுகிறார்கள். சம்பளப் பாக்கியை மாதக்கணக்கில் இழுத்தடித்துவிட்டு, கெடு முடிந்தது, இனிக் கேட்கமுடியாது என்கிற மேனேஜரை நாம் தொழில் நீதிமன்றத்தில் பார்த்ததில்லையா?

வெள்ளைக்காரனை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தினால் அது கோழைத்தனம். 1960 ஜூலை 31-ல் அவசரகாலம் முடிந்தது என்று ஊர்வலம் நடந்தது. மறுநாளே, ஆகஸ்டு 1-ந் தேதி, உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் அமலுக்கு வந்தது. வழக்கில்லாமல் பிடித்து வைக்கும் அதே அதிகாரம், இப்போது சுதந்திர நாட்டின் முத்திரையோடு. கம்யூனிஸ்ட் அபாயத்துக்காக என்றுதான் அதைக் கொண்டுவந்தார்கள். 1987-ல் நூற்றுக்கு மேற்பட்டவர்களை அதன் கீழ் பிடித்தபோது, தொழிற்சங்கத் தலைவர் வி. டேவிட்டும் அதில் இருந்தார். அவர் எந்தக் காட்டில் எந்தத் துப்பாக்கியோடு பிடிபட்டார்? 2007 டிசம்பரில் ஹிண்ட்ராப் தலைவர்கள் ஐவரைக் கமுந்திங் முகாமுக்கு அனுப்பியதும் அதே சட்டம். 2012-ல் அதை நீக்கிவிட்டு சொஸ்மா என்ற புதுச் சட்டம் கொண்டுவந்தார்கள். கோர்ட்டில் நிறுத்தாமல் 28 நாள் வரை காவல் என்பது அதில் எழுதியிருந்தது. 2015-ல் வந்த பயங்கரவாதத் தடுப்புச் சட்டமோ ஈராண்டு வரை வழக்கில்லாக் காவலுக்கு வழி செய்தது. 1948-ல் துரை கட்டிய கொட்டகைக்கு நாம் கூரை மாற்றிக்கொண்டே இருக்கிறோம்.

பழைய பிணத்தை ஏன் தோண்டவேண்டும், இனச்சண்டை வரும் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் காலத்தில் போலீசிலும் பட்டாளத்திலும் உயிர் விட்ட மலாய்ச் சகோதரர்களின் குடும்பங்களுக்கு மனம் நோகும் என்கிறார்கள். அவர்கள் வேதனை உண்மையானது. இறந்தவர்களில் பெரும்பகுதி சாதாரணக் கான்ஸ்டபிள்கள், நம்மைப் போல மாதச் சம்பளத்துக்கு வேலை பார்த்த ஏழைகள். அவர்கள் பெயரும் ஏட்டில் இருக்கவேண்டும் என்றே நாம் சொல்கிறோம். ஒரு பக்கத்தைத் திறந்துவிட்டு மறு பக்கத்தை ஒட்டிவைக்கச் சொல்லவில்லை. கம்யூனிஸ்டுகள் கொன்ற தண்டலின் பெயரும், பட்டாளம் கொன்ற பால்வெட்டுக்காரனின் பெயரும் ஒரே புத்தகத்தில் எழுதப்பட்டால் யாருக்கு என்ன நட்டம்?

ஆகையால் நம் கோரிக்கை. பத்தாங் காலி பற்றிய 1970, 1993 விசாரணைக் காகிதங்கள் முழுவதையும் இரு அரசாங்கங்களும் மக்கள் பார்வைக்கு வைக்கட்டும். கோர்ட்டு கட்டாயப்படுத்த முடியாது என்றதே தவிர, சர்க்கார் தானாக முன்வந்து விசாரணை நடத்துவதைத் தடுக்கவில்லை. வழக்கில்லாக் காவலுக்கு இடம் கொடுக்கும் விதிகளை, புதுப் பெயர் சூட்டி வைத்துக்கொள்ளாமல் எடுத்துவிடவேண்டும். பள்ளிப் பாடப் புத்தகத்தில் அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளைப் பற்றி எழுதும்போது வேலிக்குள் வாழ்ந்தவர்களின் வாக்கும் இடம்பெற வேண்டும்.

நம் பங்குக்குச் செய்ய வேண்டியதும் இருக்கிறது, அதற்கு எந்த சர்க்காரின் அனுமதியும் வேண்டாம். தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டு வீட்டு மனையாகின்றன. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, செம்பனையும் போய்க் கட்டிடம் எழும்புகிறது. ஆபீஸ் மாறும்போது பழைய செக்ரோல்களும் கடிதக் கட்டுகளும் கொட்டகைக்குப் பின்னால் கொளுத்தப்படுகின்றன. கிராணித் தோழர்கள் அவற்றைக் கேட்டு வாங்கி வைக்கட்டும். 1948-லிருந்து 1960 வரை எந்த மாதத்தில் யார் பெயர் ஏட்டிலிருந்து திடீரென்று மறைகிறது என்று பார்க்கட்டும். எண்பதும் தொண்ணூறும் ஆன பெரியவர்கள் இன்னும் சிலர் நம்மிடையே இருக்கிறார்கள். அக்காலத்தில் சிறு பிள்ளைகளாக வேலிக்குள் வளர்ந்தவர்கள். கிளைச் செயலாளர்கள் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அவர்களிடம் போய் உட்கார்ந்து, தோட்டத்தின் பெயர், டிவிஷன், இறந்தவர் பெயர், யார் சுட்டார்கள் என்று அவர்கள் சொல்வது, எல்லாவற்றையும் சொன்னபடியே எழுதி வாங்குங்கள். அவர்கள் அந்த நாட்களைக் கம்யூனிஸ்ட் காலம் என்றால் அப்படி எழுதுங்கள், ஊரடங்குக் காலம் என்றால் அப்படி எழுதுங்கள், சண்டைக் காலம் என்றால் அதையும் திருத்தாமல் எழுதுங்கள். எழுதியதைப் படித்துக் காட்டி, கைநாட்டோ கையெழுத்தோ வாங்கி, ஒரு பிரதியைக் கிளையில் வைத்துக்கொண்டு மற்றொன்றை இந்த ஆபீசுக்கு அனுப்பி வையுங்கள்.